சிறு கட்சியும் பெருங் கோரிக்கையும்: தமிழர் சுயாட்சிக் கழகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தமிழரின் அரசியல் வரலாற்றில் தமிழர் சுயாட்சிக் கழகம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. 1969ஆம் ஆண்டில் அது தோன்றியது. 1970ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அதன் நிறுவகர் தமது சொந்தத் தொகுதியிலேயே தோல்வியுற்றார். பாராளுமன்றத்தில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் வரலாற்றாசிரியர் இதற்கு மேல் எழுத எதுவுமில்லையென விட்டுவிடக்கூடும். ஆயின், 1970இல் மக்கள் நிராகரித்த அக்கட்சியின் கோரிக்கையையே, அதைத் தோற்கடித்தவர்கள் ஏழு ஆண்டுகளின் பின்னர் தமது தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதி, அதே மக்களிடம் ஆணை கேட்டுப் பெற்றனர். ஒரு கட்சியின் தோல்வியும் அதன் கோரிக்கையின் தோல்வியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமது வரலாற்றில் இல்லை. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதில் எவை விடுபட்டுப் போயின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முன்னோடிக் குரல்

பிரிவினைக் கோரிக்கை சுயாட்சிக் கழகத்துடன் தொடங்கியதன்று. கணிதப் பேராசிரியராக விளங்கிய செ. சுந்தரலிங்கம் 1947இல் வவுனியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று, டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இந்தியத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினையை ஒட்டி 1948இல் அவ்வமைச்சரவையை விட்டு விலகினார். தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர், 1950களின் பிற்பகுதியிலேயே, தமிழருக்குத் தனி அரசு வேண்டுமென்ற நிலைப்பாட்டிற்கு அவர் வந்துவிட்டார். ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி என்ற பெயரில் ஓர் அமைப்பையும் நிறுவினார்.

ஆயினும் அக்குரல் தனிமனிதக் குரலாகவே நின்றுவிட்டது. அதற்கு அவரது சமூக நோக்கும் ஒரு காரணமாகும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவுரிமை கோரிப் போராடியபோது, அவர்களைத் தடுத்து நின்றோருள் முன்னணியில் நின்றவர் அவரே. ஓர் இனத்தின் விடுதலையைப் பேசிய ஒருவர் அவ்வினத்தின் ஒரு பகுதியினரைக் கோயில் வாசலில் மறித்தார். 1970 தேர்தலில் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று அவர் தோல்வியுற்றார். இம்முரண்பாடு ஒரு தனிமனிதரின் குறைபாடு மட்டுமன்று என்பதைப் பின்னர் நோக்குவோம்.

2. சமஷ்டிக் கோரிக்கையின் நெருக்கடி

1949 டிசெம்பரில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் இலக்கு சமஷ்டி ஆட்சியே. அக்கட்சி ஆங்கிலத்தில் சமஷ்டிக் கட்சி என்றே அழைக்கப்பட்டது. தமிழ்ப் பெயரிலுள்ள ‘அரசு’ என்ற சொல்லோ அதன் எதிரிகளுக்கு வாய்ப்பாக அமைந்தது. சமஷ்டி என்பது பிரிவினையின் மறுபெயரே என்ற பிரசாரம் தென்னிலங்கையில் இடையறாது நடைபெற்றது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1957 யூலையில் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாகி, 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. 1961இல் வடகிழக்குக் கச்சேரிகளின் முன் நடந்த சத்தியாக்கிரகத்தை அரசாங்கம் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் கொண்டு அடக்கியது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் அடிப்படையில் தமிழரசுக் கட்சி அரசாங்கத்துடன் இணைந்தது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். 1966 ஜனவரியில் தமிழ் மொழி உபயோகத்திற்கான ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தில் நிறைவேறின. ஆனால் உடன்படிக்கையின் உயிர்நாடியான மாவட்ட சபைகளுக்கான யோசனை 1968இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே திருச்செல்வம் பதவி விலகினார். கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது.

எதிர்ப்பு, ஒத்துழைப்பு ஆகிய இரு வழிகளும் இவ்வாறு ஒரே இடத்திற்கே இட்டுச்சென்றன. சமஷ்டியைக் கோரியோர் மாவட்ட சபை வரை இறங்கி வந்தனர். அதுவும் கிடைக்கவில்லை. சுயாட்சிக் கழகம் தோன்றிய சூழல் இதுவேயாகும்.

3. நவரத்தினத்தின் பிரிவு

சுயாட்சிக் கழகத்தை நிறுவிய வ. நவரத்தினம் வெளியிலிருந்து வந்த எதிர்ப்பாளர் அல்லர். அவர் ஒரு சட்டத்தரணி. தமிழரசுக் கட்சியின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர். பண்டாரநாயக்காவுடனான பேச்சுவார்த்தைகளில் பங்குகொண்டவர். 1963ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதியில் வெற்றிபெற்று, 1965இலும் மீண்டும் தெரிவானார். சமஷ்டிக்கான பேரம்பேசலை உள்ளிருந்து கண்ட ஒருவரே அதில் நம்பிக்கையிழந்தார் என்பது கவனத்திற்குரியது.

முறிவு ஏற்பட்ட சந்தர்ப்பம் சிறியதெனத் தோன்றலாம். 1968இல் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டமூலம் பாராளுமன்றத்திற்கு வந்தது. நாட்டு மக்களுக்கு அடையாள அட்டை வழங்குவது அதன் நோக்கம். தமிழரசுக் கட்சி அரசாங்கத்தின் பங்காளி என்ற முறையில் அதனை ஆதரித்தது. நவரத்தினம் எதிர்த்தார். பிரசாவுரிமையற்ற மலையகத் தமிழருக்கு எதிரான கருவியாக அது பயன்படும் என்பது அவரது அச்சம். கட்சிக் கட்டுப்பாட்டை மீறியமைக்காக அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இவ்வச்சத்தின் பின்னணியை மனங்கொள்ளல் வேண்டும். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவிற்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும், எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிக்கவும் வகைசெய்திருந்தது. இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டினர் என்பது தீராதிருந்த வேளையில், ‘நீ யார்?’ எனக் கேட்கும் அட்டை சாதாரண நிருவாகக் கருவியாக அவர்களுக்குத் தோன்றியிருக்க முடியாது.

இவ்வாறு பிரிந்த நவரத்தினம் 1969இல் தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். ‘சுயாட்சி’ என்ற சொல் புதியதன்று. சமஷ்டி அமைப்பினுள் அமையும் சுயாட்சியைத் தமிழரசுக் கட்சியினரும் மேடைகளில் பேசிவந்தனர். நவரத்தினம் அச்சொல்லை எடுத்து, சமஷ்டி என்ற வேலியை அகற்றினார். சமஷ்டியைக் கேட்டாலும் பிரிவினைவாதி என்ற பழி வருகிறது. அவ்வாறாயின் தனி அரசையே ஏன் கேட்கலாகாது என்ற தர்க்கம் அக்காலத் தமிழ் அரசியலில் உருவாகியிருந்தது. கழகம் அதற்கு ஓர் அமைப்பு வடிவத்தை அளித்தது எனலாம்.

4. 1970: மக்களின் தீர்ப்பு

தமிழரசுக் கட்சி இச்சவாலைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. நாட்டைப் பிரிப்பது நாட்டிற்கோ தமிழ் பேசும் மக்களுக்கோ நன்மை பயக்காது என்றும், பிரிவினை கோரும் எந்த இயக்கத்திற்கும் ஆதரவளிக்க வேண்டாம் என்றும் 1970ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் அது மக்களை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. ஊர்காவற்றுறையில் நவரத்தினத்திற்கு எதிராகப் பண்டிதர் கா. பொ. இரத்தினத்தை நிறுத்தியது. இரத்தினம் வென்றார்.

இம்முடிவிற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, செல்வநாயகத்தின் தலைமை மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை. அவரை விட்டுப் பிரிந்தவர் இனத்தின் ஒற்றுமையைக் குலைத்தவராகவே நோக்கப்பட்டார். இரண்டாவது, பாராளுமன்றப் பேரம்பேசலில் எஞ்சியிருந்த நம்பிக்கை. தென்னிலங்கையின் இரு பெருங் கட்சிகளும் சமபலத்தில் நின்றால், தமிழ் உறுப்பினரின் தயவு எவருக்கேனும் தேவைப்படும் என்ற கணக்கு 1960இலும் 1965இலும் ஓரளவு பலித்திருந்தது.

மூன்றாவது காரணம் பொருளாதாரம் சார்ந்தது. ஊர்காவற்றுறை ஒரு தீவுத் தொகுதி. தீவக மக்களின் வாழ்வு கடலாலும் புகையிலையாலும் மட்டும் நடந்ததன்று. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் தீவார் நடத்திய கடைகளே பல குடும்பங்களின் வருவாய்க்கு ஆதாரமாயிருந்தன. குடாநாட்டின் மத்தியதர வர்க்கமும் பெருமளவுக்கு அரசாங்க உத்தியோகத்தை நம்பியே வாழ்ந்தது. பிரிவினை அவ்வர்க்கத்தின் உணர்ச்சிக்கு உவப்பாயிருந்திருக்கலாம். அதன் வாழ்வாதாரத்திற்கோ உகந்ததாயிருக்கவில்லை. கல்லாப் பெட்டி தெற்கிலும் வாக்குச் சீட்டு வடக்கிலும் இருந்த மக்கள் அவசரப்படவில்லை என்பதில் வியப்பில்லை.

5. எழுபதுகளில் நிகழ்ந்த மாற்றம்

தோற்ற கோரிக்கை மீண்டும் எழுந்தது எங்ஙனம்? சுயாட்சிக் கழகத்தின் பிரசாரத்தால் அன்று. 1970இல் மக்களைத் தடுத்த காரணங்களுள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வலுவிழந்தமையே அதற்குக் காரணமாகும்.

1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி 151 தொகுதிகளில் 116ஐக் கைப்பற்றியது. தமிழரசுக் கட்சியின் 13 ஆசனங்களுக்கு எவ்விதப் பேரம்பேசும் வலுவும் இருக்கவில்லை. அரசியல் நிர்ணய சபையில் அது முன்வைத்த சமஷ்டி யோசனை நிராகரிக்கப்பட்டது. 1971இல் அக்கட்சி சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு ஒற்றையாட்சியையும், சிங்களத்தின் ஏக ஆட்சிமொழித் தகுதியையும், பௌத்தத்திற்கான முதன்மை இடத்தையும் அடிப்படைச் சட்டமாக்கியது. சோல்பரி யாப்பின் 29ஆவது பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்திருந்த பாதுகாப்பு புதிய யாப்பில் இடம்பெறவில்லை. இடதுசாரிகள் பங்குபற்றிய அரசாங்கமே, சமசமாஜக் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவை அமைச்சராகக் கொண்டு இந்த யாப்பை இயற்றியது. மொழிச் சமத்துவத்திற்காக 1956இல் வாதாடிய இயக்கத்தின் வீழ்ச்சியாகவே முற்போக்குச் சிந்தனையாளர் இதனைக் கருதவேண்டியுள்ளது.

அதேவேளை பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், உத்தியோகக் கனவில் வளர்ந்த இளைஞரைத் தாக்கியது. நாட்டின் ஒற்றுமையோடு மத்தியதர வர்க்கத்தைப் பிணைத்திருந்த கயிறே அறுந்தது. தந்தையரைத் தயங்கவைத்த பொருளாதாரம் மைந்தரைத் தீவிரவாதிகளாக்கியது.

செல்வநாயகம் 1972இல் தமது பாராளுமன்றப் பதவியைத் துறந்தார். இரண்டாண்டுகளுக்கு மேல் தாமதித்து 1975 பெப்ரவரியில் நடைபெற்ற காங்கேசன்துறை இடைத்தேர்தலில் வென்று, அவ்வெற்றியைத் தனி அரசுக்கான ஆணையாக அறிவித்தார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வடக்கில் 14, கிழக்கில் 4 என 18 ஆசனங்களைப் பெற்றது. ஊர்காவற்றுறையில் வென்றவர் அதே கா. பொ. இரத்தினம். 1970இல் பிரிவினை வேண்டாமெனக் கூறி நவரத்தினத்தைத் தோற்கடித்தவர், 1977இல் தனி அரசு வேண்டுமெனக் கூறி அதே தொகுதியில் வெற்றியீட்டினார். அவரைக் கொள்கை மாறியவர் எனக் குறைகூறுவது எளிது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவரது வாக்காளரும் அவருடன் மாறினர் என்பதே வரலாற்றுண்மை.

6. தீராத கேள்விகள்

கோரிக்கை கைமாறியபோது அதன் குறைபாடுகளும் சேர்ந்தே கைமாறின. அவற்றுள் மூன்றினை இங்கு குறிப்பிடல் தகும்.

முதலாவது, மலையகம். நவரத்தினம் கட்சியை இழந்தது மலையகத் தமிழரின் பொருட்டு. ஆயின் வடகிழக்கில் அமையும் தனி அரசு தோட்டத் தொழிலாளருக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்குச் சுயாட்சிக் கோரிக்கையில் நிறைவான விடை இருக்கவில்லை. அவர்கள் உழைத்த மண் அந்த எல்லைக்கு வெளியே கிடந்தது. தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் இணையாமல் நின்றதும், 1978இல் அவர் ஜே. ஆர். ஜயவர்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்ததும் இவ்விடைவெளியின் விளைவுகளே.

இரண்டாவது, கிழக்கும் முஸ்லிம் மக்களும். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடர் முஸ்லிம்களை உள்ளடக்கியதாகக் கூறப்பட்டது. அவர்களது தனித்துவமான அரசியல் விருப்பம் அதில் கேட்கப்படவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றிய கொடுமையின் விதைகளை அதன் முந்திய பதிற்றாண்டுகளின் மௌனத்திலும் தேடவேண்டும்.

மூன்றாவது, சாதி. 1966 முதல் சுன்னாகத்திலும் மாவிட்டபுரத்திலும் நடந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களைப் பெரும்பாலும் இடதுசாரிகளே வழிநடத்தினர். தேசியம் பேசியோர் ஒதுங்கி நின்றனர். சுந்தரலிங்கம் போன்றோர் எதிர்த்து நின்றனர். வட்டுக்கோட்டைத் தீர்மானம் தீண்டாமை ஒழிப்பையும் சமதர்மத்தையும் தன் வாசகத்தில் சேர்த்துக்கொண்டது மெய்யே. தீர்மானத்தில் எழுதப்படும் சமத்துவமும் கிணற்றடியில் நிலவும் சமத்துவமும் ஒன்றல்ல.

7. முடிவுரை

தமிழர் சுயாட்சிக் கழகத்தின் வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகிறது. பிரிவினைக் கோரிக்கை தமிழ் மக்களின் இயல்பான வேட்கையாகத் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்ற கூற்றை 1970ஆம் ஆண்டுத் தீர்ப்பு மறுக்கிறது. வெளிப்படையாகக் கேட்கப்பட்டபோது மக்கள் அதனை மறுத்தனர். சில தீவிரவாதிகளின் தூண்டுதலால் அது வளர்ந்தது என்ற கூற்றை 1977 மறுக்கிறது. அதனைத் தூண்ட முயன்ற கட்சிக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. சிறு கட்சியின் கோரிக்கையைப் பெருங் கோரிக்கையாக்கியது அரசின் யாப்பும் சட்டமுமேயாகும்.

1983 ஓகஸ்ட்டில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தனி அரசுக் கோரிக்கையைச் சட்டவிரோதமாக்கிற்று. கூட்டணி உறுப்பினர்கள் தமது ஆசனங்களை இழந்தனர். அதன் பின்னர் அக்கேள்வி வாக்குச் சாவடியை விட்டு யுத்தகளத்திற்குச் சென்று, 2009 மே மாதத்தில் பேரழிவுடன் முடிவுற்றது. 2017 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம், சமஷ்டியைக் கோருவது பிரிவினையைக் கோருவதாகாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் பிரதிவாதி தமிழரசுக் கட்சி. இரண்டும் ஒன்றே என்ற பிரசாரம் 1950களிலேயே மறுக்கப்பட்டிருந்தால், 1969இல் நவரத்தினத்திற்கு ஒரு கட்சி தேவைப்பட்டிருக்குமா? அறுபதாண்டுகள் தாமதித்து வந்த தீர்ப்பு நம்முன் வைக்கும் கேள்வி இதுவே.