சந்தைக்குச் செல்வோரும் சித்திரமும்

வன்னிப் பெருநிலத்திற் பொழுது புலருமுன் காய்கறிச் சுமையொடு சந்தைக்குச் செல்வோரைக் காணாதார் இலர். அவர் ஓவியத்துக்கும் உரியவர் என எண்ணுவோரோ சிலர். அவ்வெண்ணத்தை இந்திய ஓவியத்தில் மாற்றியோருள் முதன்மையானவர் அம்ரிதா ஷெர்-கில்.

சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் 1913இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்த அவர், பாரிஸிற் கலை பயின்று 1934 இறுதியில் இந்தியா மீண்டார். அந்நாளில் இரவிவர்மாவின் புராண நாயகியர் அச்சுப் படங்களாய் வீடுதோறும் விளங்கினர். வங்க ஓவியரும் பெரும்பாலும் பழங்கதைகளையே நாடினர். குயவர், நெசவாளர் முதலியோரைத் தஞ்சை ஓவியர் கும்பினியார் காலத்திலேயே வரைந்ததுண்டு. ஆயின் அவை ஐரோப்பியர் வாங்குதற்பொருட்டுச் சாதிக்கொரு மாதிரியாகத் தீட்டப்பட்டவை. அவற்றில் தொழில் உண்டு, ஆள் இல்லை.

1936 இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்ட அம்ரிதா, அஜந்தாக் குகைகளைக் கண்டு கன்னியாகுமரி வரை சென்றார். ஊர் மீண்டபின், 1937இல், மணமகளின் ஒப்பனை, பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் என்னும் மூன்று பெரும் படங்களைத் தீட்டினார். போதிசத்துவர்க்கும் இளவரசர்க்கும் அஜந்தா அளித்த பெருமித உருவமைப்பையும் மண்சிவப்பையும் சந்தைக்கு நடப்போர்க்கு அளித்தமையே அவர் செய்த புதுமை.

ஈண்டு ஓர் ஐயம் எழும். செல்வக்குடியிற் பிறந்து வழிப்போக்கராய் வந்தவர் தீட்டிய அத்துயரம் அம்மக்களுடையதா, அவர் தாம் கொணர்ந்ததா? மணமகள் முகத்தும் மகிழ்ச்சியில்லை. சந்தையிற் பேரம் பேசுவோர் நகைப்பதும் உண்டு, வைவதும் உண்டு. அவ்வோசை அப்படங்களிற் கேட்பதில்லை.

அதே 1913இல் தென்னாபிரிக்காவிற் பிறந்த ஜெராட் செக்கோட்டோவின் படங்களில் அது கேட்கும். ஆசிரியராய்ப் பணியாற்றிய அவர், ஜொகன்னஸ்பேர்க்கின் சோபியாடவுனில் தம்மவரிடையே வாழ்ந்து அத்தெருக்களைத் தீட்டினார். அவருடைய ‘மஞ்சள் வீடுகள்’ என்னும் படத்தை 1940இல் அந்நகரக் கலைக்கூடம் வாங்கியது. கறுப்பினத்தவர் ஒருவரின் ஓவியத்தை அக்கூடம் வாங்கியது அதுவே முதன்முறை. 1947இல் அவர் பாரிஸ் சென்றார். 1955 முதல் நிறவெறி அரசு சோபியாடவுன் மக்களைப் பெயர்த்து வீடுகளை இடித்தது. தெரு அழிந்தது; படம் எஞ்சியது. 2009இல் வீடும் கிணறும் படலையும் இழந்தோர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

அம்ரிதாவும் பின்னாளில் நெருங்கி வந்தார். 1940இற் றீட்டிய கட்டிலிற் சாய்ந்த பெண்ணும், கதை சொல்லும் முதியவரும் உடன்வாழ்ந்து கண்டவர் போலத் தோன்றுவர். 1941 டிசம்பர் 5ஆம் நாள், 28ஆம் வயதில், அவர் லாகூரில் இறந்தார். தம் வீட்டிலிருந்து கண்ட எருமைகளைத் தீட்டத் தொடங்கிய படம் முற்றுப்பெறாமல் நின்றது.