மரமேறி முறையிட்ட ஊர்

கண்டி அரசனிடம் குறை சொல்லப் பல வழிகள் இருந்தன. அவன் வெளியே வரும்போது பாதையில் விழுந்து வணங்கலாம். தலதா மாளிகையில் அடைக்கலம் புகலாம். அதுவும் கைகூடாதவன் அரண்மனைக்குப் பக்கத்திலுள்ள மரமொன்றில் ஏறி, தனக்கு நேர்ந்த அநியாயத்தை ஊரறியக் கத்தலாம். 1815க்குப் பிறகு கண்டியில் பிரித்தானிய அரசின் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொயிலி, கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறை பற்றிய தன் குறிப்புகளில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். படிவம் தேவையில்லை, முத்திரை ஒட்டத் தேவையில்லை. கிளை முறியாதிருந்தால் போதும்.

அந்த மரத்தைப் பற்றி எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு. என் அப்பா கண்டி நீதிமன்றப் பக்கமாக ஒரு மேசையும் தட்டச்சு இயந்திரமும் வைத்து, ஊராருக்கு மகஜர் அடித்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியவர். முறையிடுகிற தொழிலின் பூர்வீகம் மரக்கிளையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

முறைப்பாட்டுக்கு இத்தனை வழி திறந்திருந்த இதே ஊரில்தான், எவரையும் கேட்காமல் ஒரு பெரிய நகர அபிவிருத்தியும் நடந்தது. இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் கண்டி வாவி, 1807க்கு முன்பு திகொல்வெல என்ற வயல்வெளி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அணை கட்டி அதில் நீரைத் தேக்கினான். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தை அமைத்த தேவேந்திர மூலாச்சாரியே இதற்கும் சிற்பி. மண் சுமக்க ஊர் ஊராக ஆட்கள் இராஜகாரியம் என்ற கட்டாய அரச ஊழியத்துக்கு அழைக்கப்பட்டார்கள். மறுத்தவர்களை வாவியின் அடித்தரையிலேயே கழுவேற்றினான் என்ற கதை கண்டியில் இன்றும் வழங்குகிறது.

வாவிக் கரையில் நடப்பவர்கள் மதிலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகில் அடுக்குப்போல ஏறி இறங்கும் வெள்ளைச் சுவர். அதில் வரிசையாக முக்கோணக் குழிகள், விளக்கு ஏற்றி வைப்பதற்கு. சுவர் வாவியை முழுதாகச் சுற்றி வரவில்லை, பாதியில் நின்றுவிட்டது. 1815இல் அரசனே பிடிபட்டு, வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே காலமானான். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அந்த நாயக்க வம்சத்து அரசனின் நினைவிடம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. அவன் அழகாக்கிய நகரத்தில், அவனுக்காக மரமேறிக் கத்த ஒரு பிரதானியும் இருக்கவில்லை.

வெள்ளைக்காரன் வந்தபின் மரத்தின் இடத்தை அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரி பிடித்துக்கொண்டது. 1848இல் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய் அல்லது காசு கட்டு என்ற சட்டம். ஜூலை 6ஆம் திகதி சனங்கள் திரண்டு கண்டிக் கச்சேரி முன்பு வந்து நின்றார்கள். கேட்டது கிடைக்கவில்லை, அந்த மாதக் கடைசியில் கலகம் மூண்டது. ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். ஆகஸ்ட் 8ஆம் திகதி கலகத் தலைவர்களில் ஒருவனான புரன் அப்பு போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆனால் விஷயம் அதோடு அடங்கவில்லை. முறைப்பாடுகள் கடல் கடந்து லண்டன் பாராளுமன்றம் வரை போயின, விசாரணைக் குழு அமர்ந்தது, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். கண்டிச் சனங்களின் குறைக்காக ஓர் ஆளுநரே பதவி இழந்த கதை இது.

மாநகர சபைக்கான சட்டம் 1865இல் வந்தது. கண்டிச் சபை மறு வருடம் கூடியது. ஆனால் 1939 வரை அதன் தலைமைக் கதிரை அரசாங்க அதிபருடையது. அதன் பிறகே சேர் குடா ரத்வத்தை தெரிவுசெய்யப்பட்ட முதல் மேயரானார். அந்த நீண்ட இடைக்காலத்தின் தடயம் பசுமைவெளிகளின் பெயர்களில் தெரியும். வாவியைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் வேஸ் பூங்கா ஓர் அரசாங்க அதிபரின் பெயர் தாங்கியது. பர்மாப் போர்முனையில் கைப்பற்றி மவுண்ட்பேட்டன் கொடுத்த ஜப்பானியப் பீரங்கி அங்கே வைக்கப்பட்டது. 1856இல் ஒதுக்குக் காடாகி 1938இல் சரணாலயமான உடவத்தகெலேயில் நடைபாதை ஓர் ஆளுநரின் மனைவி பெயரில். நகரவாசிகள் போகவர உரிமை பெற்றார்கள். பெயர் வைக்கிற இடத்தில் அவர்கள் இல்லை.

அப்பாவிடம் பூங்காவுக்காகவும் ஆட்கள் வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் ஏதோ ஒரு சபை, பிள்ளைகள் விளையாடும் திடலில் கடைத்தொகுதி கட்டப்போவதாகப் பேச்சு அடிபடும். "ஐயா, நல்லாப் பணிவா எழுதுங்க" என்பார்கள். அப்பா கடதாசிகளுக்கு நடுவே கார்பன் தாளைச் செருகி, "கீழே கையொப்பமிட்டிருக்கும் நாங்கள் தாழ்மையுடன் வேண்டிக்கொள்வதாவது" என்று ஆரம்பிப்பார். முதலில் ஆங்கிலத்தில், 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டத்துக்குப் பின் பக்கத்து மேசைக்காரரின் தயவில் சிங்களத்தில். மூன்று பக்கத்துக்குக் கையெழுத்து, விரல் அடையாளம். மனுவில் இரக்கம் நிரம்பியிருக்கும். அளவு, வரைபடம், குத்தகைக் காலம் ஒன்றும் இருக்காது. எப்படி இருக்கும்? திட்டம் என்னவென்று எழுதினவருக்கும் தெரியாது, கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியாது. பதில் அநேகமாக வராது.

இந்த முடிச்சை அவிழ்த்தது கொழும்பில் நடந்த ஒரு வழக்கு. காலிமுகத்திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்து முடித்து, கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் உலாவ இதைக் காத்துத் தாருங்கள் என்று பின்வருபவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து நகர அபிவிருத்தி அதிகார சபை, பெரிய பொழுதுபோக்கு வளாகம் அமைப்பதற்காக அதை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. பத்திரிகையில் செய்தி பார்த்த சூழலியல் அமைப்பொன்று ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டது. தர முடியாது என்று பதில். அமைப்பு 2004இல் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனது. 2005 நவம்பரில் வந்த தீர்ப்பு, ஒப்பந்தம் செல்லாது என்றது. பொதுநிலம் பற்றிய தகவலை மறுத்தது அரசியலமைப்பின் 12ஆம், 14ஆம் உறுப்புரைகள் தரும் உரிமைகளை மீறியது என்றது. மனுதாரர் இரக்கம் கேட்கவில்லை. ஒரு பத்திரத்தைக் கேட்டார். வழக்கின் பலமே அதில்தான் இருந்தது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த வழியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2017 பெப்ரவரி முதல் நடைமுறை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சட்டத்தின் 9ஆம் பிரிவு பலர் கண்ணில் படுவதேயில்லை: உள்நாட்டுப் பணத்தில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமானால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படுவோருக்கும் அமைச்சர் விபரம் அறிவிக்க வேண்டும். இன்றைய விலையில் ஒரு பூங்காவுக்கு நடைபாதைக் கல் பதித்தாலே ஐந்து இலட்சம் தாண்டிவிடும்.

கண்டிக்குப் பொதுநிலப் பிரச்சினை பழைய வரலாறல்ல. 1876இல் கட்டிய போகம்பறைச் சிறையின் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டு பத்து வருடத்துக்கு மேலாகிறது. உல்லாச விடுதி, கலாசார மையம் என்று யோசனைகள் வந்து போகின்றன. நகரம் 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மூலையைத் தொட்டாலும் அது பலருடைய விஷயம். இனி மகஜர் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு மகஜர்காரன் மகனாக நான் சொல்வது இதுதான். "வேண்டாம்" என்று எழுதுவதற்கு முன், வரைபடம் எங்கே, எத்தனை மரம் விழும், குத்தகை எத்தனை வருடம், காசு யாருக்கு, சபை எந்தத் திகதியில் தீர்மானித்தது என்று ஐந்து கேள்விகளைத் தகவல் விண்ணப்பமாகக் கொடுங்கள். பதில் வந்தபின் கையெழுத்துச் சேருங்கள். அப்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு, உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவது அவ்வளவு சுலபமாக இருக்காது.