மணலில் எழுதிய எழுத்து

தோட்டத்திலும் பட்டணத்திலும் இக்காலத்துப் பாலர் கைப்பேசியின் கண்ணாடிமேல் விரலை ஓட்டி அகரம் எழுதப் பழகுகின்றனர். பெற்றோர் இதனை மேனாட்டார் கண்ட புதுமையென வியக்கின்றனர். விரலால் எழுதுவதும், பிழையை நொடியில் அழித்து மீண்டும் எழுதுவதும் நம் திண்ணைப் பள்ளிகள் மணலைக்கொண்டு நடத்திய வித்தையேயாம்.

ஓலையில் எழுத்தாணியாற் கீறியதை அழித்தல் அரிது. ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எழுத்தாணி அடங்குவதுமில்லை. மணலோ காசின்றிக் கிடைப்பது. எத்தனை பிழையையும் பொறுப்பது. ஒலியை வாயாற் சொல்லிக்கொண்டே வடிவை விரலால் வரைந்தமையால் கண்ணும் செவியும் கையும் ஒருங்கே பயின்றன.

1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரரின் ஆண்மக்களுக்கென ஏற்பட்ட அநாதைச் சாலையின் மேற்பார்வையை ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒருநாள் குதிரைமீது செல்லுகையில், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் தரையிலமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். தம் சாலையிலும் அவ்வாறே கற்பிக்கும்படி உபாத்தியாயர்களைப் பணித்தார். அவர்கள் இயலாதென்றனர். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். பெரியோர் ஆகாதென்றதைச் சிறுவன் ஆக்கிக் காட்டினான்! மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் "சென்னை முறை" இவ்வாறு கிளைத்தது. (நம் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை அறிந்தோர்க்கு இதில் வியப்பேது?) 1797-இல் பெல் இதனை லண்டனில் நூலாக்கினார். லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் மணற்பலகையைக் கையாண்டார். 1811-இல் தோன்றிய தேசீயச் சங்கம் பெல்லின் முறையை இங்கிலாந்தெங்கும் பரப்பிற்று.

நிற்க. இப்பெருமையோடு நிறுத்துவோமாயின் வரலாற்றிற் பாதியை மறைத்தவராவோம். 1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்ரோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர் என்று 1826-இல் கணக்கு முடிந்தது. அவர்களுட் பெண்கள் 4,540 பேரே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. மணல் எல்லாருக்கும் பொதுவாய்க் கிடந்தது. திண்ணையோ ஒருவர் வீட்டுக்குரியது. அதில் அமரத்தக்கவர் இன்னார் என்பதை வழக்கம் விதித்தது. எழுத்தறிவு குலப்பெண்களின் நாணத்துக்கு ஒவ்வாததென்றும், ஆடல்மகளிர்க்கே உரியதென்றும் மக்கள் எண்ணியதை மன்ரோவே தம் குறிப்பில் எழுதினார். எழும்பூர்ச் சாலையும் ஆண்மக்களுக்கென்றே ஏற்பட்டது. ஆகவே, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியர் நம் குடும்பங்களில் இருந்தமைக்குக் கருவியின் குறைவைக் காரணங்காட்ட நமக்கு இடமில்லை.