புனே நகரின் நீர்த்தொட்டிகள்: கட்டுமானமும் உரிமையும்

புனேயின் கிழக்கே முளா-முட்டா ஆற்றங்கரையில் அமைந்த கராடி, அடுக்குமாடிகள் பெருகிய பின்னர் லாரி நீரை நம்பியிருந்தது. பாமா ஆஸ்கேட் அணையின் நீர் 2021-இல்தான் கிழக்குப் புனேயை எட்டியது. இந்நகரின் பழைய நீரமைப்பு இவ்விடத்து எண்ணத்தக்கது. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பேஷ்வா நானாசாகேப் காலத்தில், காத்ரஜ் ஏரியிலிருந்து சனிவார் வாடா வரை நிலத்தடிக் கால்வாய் அமைக்கப்பட்டது. எந்திரமின்றி, நிலத்தின் சாய்வு ஒன்றாலேயே பாய்ந்த நீர், ‘ஹௌத்’ எனப்பட்ட பொதுத்தொட்டிகளை நிரப்பிற்று. ஆயின் ‘பொது’ என்ற சொல் அனைவரையும் உள்ளடக்கவில்லை. பொதுநீர்நிலைகளில் தீண்டப்படாதோர் எனப்பட்டவர்க்கு இடமில்லை. கட்டுமானத் திறனை மட்டுமே வியக்கும் நூல்கள் இதனைக் கூறாது விடுதல் பெருங்குறையே. 1868-இல் ஜோதிராவ் பூலே, புனேயில் தம் வீட்டு நீர்த்தொட்டியை அம்மக்களுக்குத் திறந்துவிட்டார். மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீரருந்தியது அதற்கு 59 ஆண்டுகளுக்குப் பின்னர், 1927 மார்ச் 20-இல்.