இரு தணலுக்கு நடுவே ஓர் அரிசி அப்பம்

அரிசியை உண்டு வாழும் நாடுகளில் அதனை ஆவியில் அவிப்பதும், கல்லில் வார்ப்பதும், எண்ணெயில் பொரிப்பதும் எங்கும் காணும் வழக்கங்கள். மாவை நாற்புறமும் அனல் சூழச் சுட்டெடுப்பது பெரும்பாலும் கோதுமை உண்போரின் கலை. பிலிப்பைன் தீவுகளின் 'பிபிங்கா' இதற்கு ஒரு விலக்கு. மட்பாண்டத்தில் வாழையிலை பரப்பி, அதில் அரிசி மாவை ஊற்றி, கீழே தணலும் மேலே தகரத் தட்டில் தணலுமாக வைத்துச் சுடுகின்றனர். இப்பண்டம் அந்நாட்டாருக்கே உரியதா, கடல் கடந்து வந்தோர் கற்பித்ததா என்னும் வினா சுவையானது. அவ்வினாவினுள் சென்னைப் பட்டினமும் தலைகாட்டுகிறது என்பது நேயர்களுக்கு வியப்பாயிருக்கலாம்.

முதலில் பொருள்களைப் பார்ப்போம். அரிசி, தேங்காய்ப்பால், தென்னங்கள் ஆகிய மூன்றும் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே அங்கே இருந்தவை. மகெல்லனுடன் சென்ற இத்தாலியரான பிகாபெட்டா, தென்னையின் உச்சியில் துளையிட்டு மூங்கிற் குழாயில் கள் இறக்கும் முறையை 1521-ஆம் ஆண்டுப் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார். அக்கள்ளுக்குத் 'துபா' என்று பெயர். மாவைப் பொங்கச் செய்வது அதுவே. ஆப்ப மாவுக்குக் கள் சேர்க்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இரவு முழுதும் ஊறிய அரிசியை நீர் விட்டுக் கல்லில் அரைப்பர். அரைத்த மாவு 'கலாபோங்' எனப்படும். அதில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் துபாவும் கலந்து புளிக்க விடுவர். வாழையிலையை அனலில் வாட்டினால்தான் கிழியாமல் பாண்டத்துக்குள் வளையும். மாவு பாதி இறுகியதும் உப்பிட்ட வாத்து முட்டைத் துண்டுகளையும் எருமைப்பாலில் செய்த வெண்ணிறப் பாலாடைக் கட்டியையும் மேலே பதிப்பர். வெந்தபின் வெண்ணெய் தடவி, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் தூவுவர். இனிப்பும் உப்பும் ஒரே வாயில் சேர்வது முதலில் உண்போரைச் சற்றுத் திகைக்க வைக்கும். இரண்டாம் வாய்க்குத் திகைப்பு இராது. சமைப்பவரின் திறமையெல்லாம் மேல் தணலில் இருக்கிறது. மிகுந்தால் மேற்புறம் கருகி நடுவில் மாவு பச்சையாக நிற்கும். குறைந்தால் பொன்னிறம் ஏறாது.

1565-இல் செபுத் தீவில் லெகாஸ்பி குடியேற்றம் நிறுவினார்; 1571-இல் மணிலா ஸ்பானியர் தலைநகராயிற்று. அவர்கள் கொணர்ந்த சமயம் இவ்வப்பத்துக்கு ஒரு பருவத்தை அளித்தது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாட்கள் விடியுமுன் நடைபெறும் 'சிம்பாங் கபி' வழிபாடு முடிந்து வெளிவருவோருக்குக் கோயில் வாயிலிலேயே சுடச்சுடப் பிபிங்கா விற்பர். பருக இஞ்சிக் கஷாயமும் உண்டு. அருகில் மூங்கிற் குழாயில் அவிக்கும் ஊதாநிறப் 'புத்தோ பும்போங்' இருக்கும். நம் குழாய்ப்பிட்டைக் கண்டவர் அதை அடையாளம் கண்டுகொள்வர்.

கோவாவிலும் 'பெபிங்கா' என்றொரு பண்டம் உண்டு. பெயர் ஒன்று போலிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்போர் பலர். ஆனால் கோவாவினது முட்டை மஞ்சட்கருவும் நெய்யும் மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஓர் அடுக்கு வெந்தபின் அடுத்த அடுக்கை ஊற்றிச் செய்வது, புளிக்கவைப்பதில்லை. மேல் தணலும் தேங்காய்ப்பாலும் இரண்டுக்கும் பொது. மலாய் உலகிலும் 'பிங்கா' என்னும் பலகாரம் இருக்கையில், பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு வழக்கைத் தீர்ப்பது அவசரம் என்பது என் கருத்து.

இனிச் சென்னைக்கு வருவோம். 1762-இல் தளபதி டிரேப்பரும் கடற்படைத் தலைவர் கார்னிஷும் சென்னையிலிருந்து படையுடன் கப்பலேறி அவ்வாண்டு அக்டோபரில் மணிலாவைக் கைப்பற்றினர். 1764-இல் ஆங்கிலேயர் அந்நகரை விட்டு நீங்கியபோது, உடன் வந்த இந்தியச் சிப்பாய்களுள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கையிந்தா என்னும் ஊரில் பெண் கொண்டு குடியமர்ந்தனர். அதே கையிந்தாதான் இன்று பிபிங்காவுக்குப் பேர்போன ஊர். அங்கே சுமான், பிபிங்கா, லாத்திக் என்னும் மூன்று பலகாரங்களின் பெயர்களைச் சேர்த்துச் 'சும்பிங்டிக்' என்று விழாவே எடுக்கிறார்கள். நம் சிப்பாய்கள்தாம் ஆப்பத்தைக் கொண்டுபோய் விட்டனர் என்று சொல்ல நா துடிக்கும். எனினும் அரிசியும் தேங்காயும் கள்ளும் அவர்களுக்கு 2 நூற்றாண்டுக்கு முன்பே அத்தீவுகளில் இருந்தவை. கையிந்தாவை விட்டுத் தொலைவிலுள்ள தீவுகளிலும் பிபிங்கா உண்டு. சிப்பாய்கள் அந்த ஊரில் தமக்குப் பழகிய சுவை ஒன்றைக் கண்டிருப்பார்கள் என்று எண்ணுவதோடு நிற்பதே நேர்மை.

இன்று நகர வீடுகளில் துபாவின் இடத்தைச் சோடாப் பொடி வகை பிடித்துக்கொண்டது. ஊறவைத்த அரிசிக்குப் பதிலாகப் பொட்டல மாவு. தணலுக்குப் பதில் மின்னடுப்பு. அரைமணி நேரத்தில் அப்பம் தயாராகிறது. ஆயினும் ஓரிரவு புளித்த மாவுக்குரிய மெல்லிய புளிப்பு அதில் இல்லை. அயல்நாடுகளில் வாழும் பிலிப்பைன் குடும்பத்தார் தட்டில் வாழையிலை பரப்புவதை மட்டும் விடுவதில்லை. இறுதியில் சில நிமிடங்கள் அடுப்பின் மேற்சூட்டை மட்டும் எரியவிட்டு மேற்புறத்தைச் சிவக்க வைக்கின்றனர். பழைய தகரத் தட்டின் வேலையை இப்போது அது செய்கிறது.