சட்டக் கல்லூரி வாயிலில் தருக்கம்

அமெரிக்காவில் சட்டம், முதல் பட்டத்துக்குப் பின் பயிலப்படும் படிப்பாதலால், வரலாறு பயின்றவரும் வேதியியல் பயின்றவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிட நேர்கிறது. கொலம்பியா சட்டக் கல்லூரியின் சேர்க்கை அலுவலர் பிராங்க் பௌல்ஸ், முதலாண்டு மதிப்பெண்ணை முன்கூட்டியே கணிக்கத்தக்க தேர்வு ஒன்று வேண்டுமென 1945இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியத்துக்கு எழுதியதன் விளைவாக, எல்சாட் எனப்படும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு 1948 பிப்ரவரியில் முதன்முறையாக நடைபெற்றது.

இத்தேர்வு அளக்க முயலும் திறன்களுள் தலையாயது உய்த்துணர்தல், அதாவது தரப்பட்ட கூற்றுகளிலிருந்து அவற்றில் வெளிப்படையாகச் சொல்லப்படாத முடிவை முறையாகப் பெறுதல். 'உரிமம் இல்லாத எவரும் இம்மன்றத்தில் வாதாட முடியாது' என்னும் விதியிலிருந்து, அங்கு வாதாட இயலும் ஒருவர் உரிமம் உடையவர் என்பது தவறாமல் பெறப்படும். உரிமம் உடைய எவரும் வாதாடலாம் என்பதோ பெறப்படாது, ஏனெனில் உரிமம் இன்றியமையாத நிபந்தனையே ஒழியப் போதுமான நிபந்தனை அன்று. உலக வழக்கில் உண்மையாக இருக்கக்கூடிய இரண்டாம் கூற்றே தேர்வரை வீழ்த்தும் பொறியாகும். உய்த்துணர்வு வினாக்கள் இருவகைப்படும்: கட்டாயம் உண்மையாக வேண்டிய முடிவைக் கேட்பது ஒன்று, தரப்பட்ட செய்திகளால் மிக வலுவாக ஆதரிக்கப்படும் முடிவைக் கேட்பது மற்றொன்று, குற்ற வழக்குக்கும் உரிமையியல் வழக்குக்கும் சான்றின் அளவில் உள்ள வேறுபாட்டை இது நினைவூட்டுவது தற்செயலாயினும் பொருத்தமானதே.

நடந்து முடிந்த தேர்வுகளின் வினாக்களையும் விடைகளையும் தேர்வர்களுக்கு வெளிப்படுத்த வேண்டுமென நியூயார்க் மாநிலம் 1979இல் சட்டம் இயற்றியபின், வினா அமைத்தவரின் முடிவு மூடிய அறைக்குள் நின்றுவிடாமல், எவரும் வினாவுக்குரிய பத்தியை முன்வைத்து எதிர்வாதம் செய்யத்தக்கதாயிற்று. மதிப்பெண் அளவுகோல் பலமுறை மாறி 1991இல் 120 முதல் 180 வரை என நிலைபெற்றதைக் காட்டிலும் இதுவே பெரிய மாற்றம் எனலாம்.

1982இல் சேர்க்கப்பட்ட பகுப்பாய்வுப் பிரிவு, ஆட்களை வரிசைப்படுத்துதல், குழுக்களாகப் பிரித்தல் போன்ற புதிர்களைக் கொண்டது. அவற்றை வரைபடமிட்டுத் தீர்ப்பதே பொதுப் பழக்கமாகிவிட்டமையால், அது தமக்கு இயலாதெனப் பார்வையற்ற தேர்வர் இருவர் தொடுத்த வழக்கு 2019இல் உடன்பாட்டில் முடிந்தது. 2024 ஆகஸ்டு முதல் அப்பிரிவு நீக்கப்பட, மதிப்பெண்ணுக்குரிய மூன்று பிரிவுகளில் இரண்டு, உய்த்துணர்வு வினாக்கள் இடம்பெறும் தருக்கப் பிரிவுகளாயின.