ஊரைக் காலி செய்வது எப்போது?

மலையடிவார நகரம் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பு உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மலை புகைகிறது, நிலம் நாள்தோறும் அதிர்கிறது. அது வெடிக்குமா என்று விஞ்ஞானிகளைக் கேட்கிறீர்கள். "வெடிக்கலாம், வெடிக்காமலே அடங்கியும் போகலாம்" என்கிறார்கள். மக்களை உடனே வெளியேற்றுவீர்களா? இன்னும் சில நாள் பொறுத்துப் பார்ப்பீர்களா? சென்ற நூற்றாண்டில் இக்கேள்வியை உண்மையிலேயே எதிர்கொண்டவர்களின் கதையைக் காண்போம்.

கரீபியன் கடலில் குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அங்குள்ள சூஃப்ரியேர் எரிமலை 1976 ஜூலை 8 அன்று நீராவியையும் சாம்பலையும் கக்கியது. தொடர்ந்து நில அதிர்ச்சிகள் பெருகின. சாம்பலில் புதிய கண்ணாடித் துகள்கள் காணப்படுவதாகச் சில ஆய்வாளர் கூறினர். அது உண்மையானால், ஆழத்திலிருந்து கற்குழம்பு மேலேறி வருகிறது என்று பொருள். எரிமலை நிபுணர் ஆரூன் தாசியெஃப் இதை மறுத்தார். நிலத்தடி நீர் சூடேறி, ஆவியாகி, பழைய பாறையைத்தான் உடைத்து வீசுகிறது. பேரபாயம் இல்லை என்பது அவர் வாதம். பாரிஸ் புவி இயற்பியல் நிலையத்தின் தலைவரான குளோத் அலெக்ர் எதிரணியில் நின்றார்.

ஆட்சியாளர்களுக்கோ 1902ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு மே 8 அன்று, அண்மையிலுள்ள மார்த்தினிக் தீவின் பெலே மலை வெடித்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் சில நிமிடங்களில் செயின்ட் பியேர் நகரை அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். மீண்டும் அப்படி நேர விடலாமா? 1976 ஆகஸ்ட் 15 அன்று வெளியேற்ற ஆணை பிறந்தது. 70,000க்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டுச் சென்றனர்.

மூன்றரை மாதங்கள் கழிந்தன. நீராவி வெடிப்புகள் நிகழ்ந்தனவே தவிர, கற்குழம்பு வெளிவரவில்லை. கண்ணாடித் துகள்களும் புதியவையல்ல என்று தெரிந்தது. டிசம்பரில் மக்கள் ஊர் திரும்பினர். எரிமலைக்கு ஓர் உயிரும் பலியாகவில்லை. ஆனால் வேளாண்மை, வணிகம், பள்ளிப் படிப்பு யாவும் சீர்குலைந்தன. விஞ்ஞானிகளின் பகிரங்கச் சண்டையால் மக்களின் நம்பிக்கையும் தளர்ந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் நேர்மாறான தவறு நடந்தது. பனி மூடிய நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1984 இறுதியிலேயே விழித்துக்கொண்டது. 1985 அக்டோபரில் விஞ்ஞானிகள் அபாய வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். ஆர்மேரோ நகரம் சேற்று வெள்ளத்தின் பாதையில் இருப்பதை அது காட்டியது. 1845இல் அங்கே பாய்ந்த சேற்றின்மேல்தான் அந்நகரமே எழுந்திருந்தது. ஆயினும் வீண் பீதி கிளப்புகிறார்கள் என்ற முணுமுணுப்பே எழுந்தது.

நவம்பர் 13 இரவு 9 மணியளவில் மலை வெடித்தது. வெடிப்பு பெரிதன்று, ஆனால் உருகிய பனி சேறும் கல்லுமாய்ப் பள்ளத்தாக்கில் இறங்கியது. அது ஆர்மேரோவை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. பக்கத்து மேட்டில் ஏறியிருந்தாலே பெரும்பாலோர் பிழைத்திருப்பர். உறுதியான ஆணை மக்களை எட்டவில்லை. 23,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் அவசரப்பட்டார்கள், மற்றொன்றில் தாமதித்தார்கள் என்று சொல்லி முடித்துவிட முடியாது. இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வெடிப்பு நிகழ்ந்தபின் மக்களுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? கொதிமேகம் நிமிடங்களில் வந்துவிடும். எனவே அதற்கு அஞ்சும் ஊர், ஐயம் தீருமுன்பே காலியாக வேண்டும். அந்த ஆணை சில முறை வீணாகத்தான் செய்யும். சேற்று வெள்ளத்துக்கோ மணிக்கணக்கில் அவகாசம் உண்டு. அந்த ஊர் பல மாதங்கள் முகாமில் கிடக்க வேண்டியதில்லை. மலைமேல் ஒரு காவல், கீழே ஓர் அபாயச் சங்கு, ஓட வேண்டிய வழி, ஆணையிடும் அதிகாரி ஆகியவை முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தால் போதும். ஆர்மேரோவில் இல்லாமற்போனவை இவையே.

இப்பாடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் பயன்பட்டது. 1991இல் பினதூபோ மலை குமுறியபோது, பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை முறையை வகுத்தனர். எந்த அறிகுறிக்கு எந்தப் படி என்பது முன்பே அறிவிக்கப்பட்டது. அபாயம் ஏற ஏற, காலி செய்ய வேண்டிய வட்டமும் 10, 20, 30 கிலோமீட்டர் என விரிந்தது. ஜூன் 15 அன்று மலை பேராற்றலுடன் வெடித்தது. அதே நாளில் புயல்மழையும் சேர, நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து பலர் மாண்டது உண்மை. எனினும் குறைந்தது 5,000 உயிர்களாவது காப்பாற்றப்பட்டன என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

இனி, வெளியேறச் சொன்ன ஆபத்து வராமல் போனதென்று யாரேனும் கேலி பேசினால், குவாதலூப்பை மட்டுமன்று, ஆர்மேரோவையும் நினைத்துப் பாருங்கள். வீடு திரும்பியவர்கள் அதிகாரியை ஏசலாம். ஏசுவதற்கு அவர்கள் உயிருடன் இருக்கிறார்கள் அன்றோ?